‘பான்ஃபயர்’ நல்ல தீயா, எலும்புத் தீயா?

கேள்வி: நாங்கள் மயூர் விஹாரில் வசிக்கிறோம். எங்கள் குடியிருப்பில் பஞ்சாபிக் குடும்பங்கள் மிகுதி. லோஹ்ரி இரவில் பூங்காவின் நடுவே விறகை அடுக்கித் தீ மூட்டி, ரேவ்டி என்னும் எள்மிட்டாயும் நிலக்கடலையும் சோளப்பொரியும் அதில் இட்டுச் சுற்றி வருவார்கள். நம்முடைய போகியும் அதையொட்டியே வருவதால், கிழிந்த பாயையும் பழைய முறத்தையும் கொண்டுபோய் அந்தத் தீயிலேயே நாங்களும் சேர்த்துவிடுவது வழக்கம். இந்த ஆண்டு குடியிருப்போர் சங்கம் அனுப்பிய அழைப்பில் ‘பான்ஃபயர்’ என்று எழுதியிருந்தார்கள். கல்லூரியில் பிரெஞ்சு படிக்கும் என் மகள், ‘பான்’ என்றால் பிரெஞ்சில் ‘நல்ல’ என்று பொருள், எனவே இது ‘நல்ல தீ’ என்றாள். என் கணவரோ அது ‘போன்’, அதாவது எலும்பு, என்று எங்கோ படித்ததாகச் சொல்கிறார். இதைக் கேட்டதிலிருந்து என் மாமியார், நல்ல நாளும் அதுவுமாக எலும்பின் பெயர் வைத்த தீயில் நம் வீட்டுப் பாயை ஏன் போட வேண்டும் என்று மனக்குறைப்படுகிறார். எது சரி? இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்?
— ஒரு வாசகி, மயூர் விஹார், தில்லி

பதில்: உங்கள் கணவர் சொன்னதுதான் சரி. ‘பான்ஃபயர்’ என்பது எலும்புத் தீ. ஆனால் உங்கள் மகள் வருந்த வேண்டியதில்லை. ஏறத்தாழ 42,000 சொற்களுக்குத் தனியொருவராக நின்று பொருள் எழுதி, 1755-ஆம் ஆண்டில் தம் புகழ்பெற்ற ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சனும் அவள் சொன்னதையே சொன்னார். பிரெஞ்சு மொழியின் ‘நல்ல’ என்ற சொல்லும் ஆங்கிலத்தின் ‘ஃபயர்’ என்ற சொல்லும் சேர்ந்து இது பிறந்தது என்று அவர் எழுதிவைத்தார். வெற்றியையும் மகிழ்ச்சியையும் ஊரறியக் கொண்டாட மூட்டப்படும் தீ என்று அவர் தந்த பொருளுக்கும் அந்த விளக்கம் நன்றாகப் பொருந்திற்று. பொருந்துவது வேறு, உண்மையாக இருப்பது வேறு என்பதை இந்த ஒரு சொல்லைக் கொண்டே காட்டிவிடலாம் என்பதால், சற்று விரிவாகவே விடை சொல்ல விரும்புகிறேன்.

ஒரு சொல்லின் பிறப்பை அறிய வேண்டுமானால், இன்றைய வடிவத்தை இரண்டாக உடைத்துப் பார்ப்பதை விட, கிடைக்கும் மிகப் பழைய வடிவத்தைத் தேடிப் போவதே முறை. 1483-ஆம் ஆண்டைச் சேர்ந்த ‘கத்தோலிகான் ஆங்கிலிகம்’ என்னும் ஆங்கில–இலத்தீன் சொற்பட்டியல் ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தின் வடபகுதியில் தொகுக்கப்பட்ட அந்தப் பட்டியலில் இச்சொல் ‘பேன்ஃபயர்’ என்ற வடிவில் வருகிறது. அதற்கு எதிரே ‘இக்னிஸ் ஓஸ்ஸியும்’ என்ற இலத்தீன் தொடர் தரப்பட்டிருக்கிறது. ‘எலும்புகளின் தீ’ என்பதே அதன் நேர்ப்பொருள். அதைத் தொகுத்தவருக்குச் சொல்லாய்வு செய்யும் நோக்கம் எதுவும் இல்லை. தம் காலத்து மக்கள் அச்சொல்லை எப்படி விளங்கிக்கொண்டார்களோ அப்படியே இலத்தீனில் எழுதிவைத்தார். ஜான்சன் தம் அகராதியை வெளியிடுவதற்கு 272 ஆண்டுகள் முந்தைய சான்று இது.

அந்த வடிவம் ‘போன்’ என்று இல்லாமல் ‘பேன்’ என்று இருப்பதுதான் என்னை மிகவும் கவர்ந்த செய்தி. தென் இங்கிலாந்தில் ‘ஸ்டோன்’ என்று ஒலிக்கும் கல், ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் ‘ஸ்டேன்’. தெற்கே ‘ஹோம்’ என்று ஒலிக்கும் வீடு வடக்கே ‘ஹேம்’. அதே ஒழுங்கில் எலும்பைக் குறிக்கும் ‘போன்’ வடக்கே ‘பேன்’ ஆகும். பழைய ஆங்கிலத்தில் ‘பான்’ என்று நெட்டொலியுடன் வழங்கிய எலும்பின் பெயர் இரு திசைகளில் இரு விதமாகத் திரிந்ததன் விளைவு இது. பிரெஞ்சுச் சொல்லான ‘நல்ல’ என்பதற்கு இப்படியொரு வடக்கு வடிவம் கிடையாது; அது ‘பேன்’ ஆகத் திரிவதற்கு வழியே இல்லை. ஆகவே வடக்கே ‘பேன்ஃபயர்’ என்றும் தெற்கே ‘போன்ஃபயர்’ என்றும் ஒரே சொல் வழங்கியிருப்பதே, அதன் முதற்பகுதி எலும்புதான் என்பதற்குப் போதுமான சான்று. மேலும், கொண்டாட்டத் தீயைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘மகிழ்ச்சித் தீ’ என்று பொருள்படும் வேறொரு தொடரால் சுட்டுகிறார்களேயன்றி ‘நல்ல தீ’ என்று சொல்வதில்லை. இதை உங்கள் மகளே தன் பாடநூலில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

அப்படியானால் ‘போன்’ எப்படிப் ‘பான்’ ஆயிற்று என்று அவள் கேட்கக்கூடும். இதற்கு நம் மொழியிலிருந்தே எடுத்துக்காட்டுத் தரலாம். ஆறு என்பது தனித்து நிற்கும்போது நெடில். பத்தோடு சேர்ந்ததும் அறுபது என்று குறுகிவிடுகிறது. ஏழு எழுபது ஆகிறது, மூன்று முப்பது ஆகிறது. இன்னொரு சொல்லோடு ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாக நடக்கும்போது முதற்பகுதியின் நெடில் தளர்வது ஆங்கிலத்திலும் உண்டு. புனிதத்தைக் குறிக்கும் ‘ஹோலி’யோடு நாளைக் குறிக்கும் சொல் சேர்ந்து ‘ஹாலிடே’ ஆயிற்று. ஆட்டைக் குறிக்கும் ‘ஷீப்’ இடையனைக் குறிக்கும் ‘ஷெப்பர்ட்’ என்ற சொல்லில் குறுகிற்று. நோன்பை முறிப்பதான ‘பிரேக்’ ‘பிரெக்ஃபாஸ்ட்’ ஆயிற்று. அதே வழியில் ‘போன்ஃபயர்’ ‘பான்ஃபயர்’ ஆயிற்று; தமிழில் நெடிலாக எழுதினாலும் ஆங்கிலத்தில் இந்தப் ‘பான்’ குற்றொலியே. எலும்பை நினைவூட்டும் பழைய எழுத்துக்கூட்டல் 18-ஆம் நூற்றாண்டு வரை புழக்கத்தில் இருந்தது. நடுவிலிருந்த ஓர் உயிரெழுத்தும் உதிர்ந்த பிறகு, எழுதப்பட்ட சொல்லின் முதற்பாதி பிரெஞ்சுச் சொல்லைப் போலவே காட்சியளித்தது. ஜான்சன் காலத்தில் மொழிகளின் ஒலித்திரிபுக்கு ஒழுங்கான விதிகள் உண்டென்பதே நிறுவப்படவில்லை. மொழியறிஞர்களான ராஸ்க்கும் கிரிம்மும் அவற்றை எழுதியது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். அவரிடம் இருந்த கருவிகளைக் கொண்டு அவர் அப்படித்தான் சொல்லியிருக்க முடியும்.

இனி, எலும்பை யார் எரித்தார்கள், எதற்காக எரித்தார்கள் என்ற கேள்விக்கு வருவோம். இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியைச் சேர்ந்த ஜான் மிர்க் என்ற துறவி, திருவிழா நாள்களில் கோயில்களில் படிப்பதற்காக ஆங்கிலத்தில் எழுதிய பிரசங்கங்கள் 15-ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதிகளில் கிடைக்கின்றன. ஜூன் 24-ஆம் தேதி வரும் திருமுழுக்கு யோவான் திருநாளின் முன்னிரவில் மக்கள் மூன்று வகைத் தீ மூட்டுவதாக அவர் விவரிக்கிறார். விறகே இல்லாமல் எலும்பை மட்டும் கொண்டு மூட்டுவது எலும்புத் தீ. எலும்பில்லாமல் விறகை மட்டும் கொண்டு மூட்டி, அருகே அமர்ந்து விழித்திருப்பது விழிப்புத் தீ. இரண்டையும் கலந்து மூட்டுவது யோவான் தீ. ஆக, இது ஒரு தீக்குப் பொதுவாக வைத்த பெயரன்று. மூன்றில் ஒன்றைப் பிரித்துக் காட்ட வைத்த பெயர். எலும்பு எரியும் நாற்றம் வானில் திரியும் கொடிய நாகங்களை விரட்டும் என்றும், அவை கோடைக் காலத்தில் கிணறுகளிலும் ஓடைகளிலும் நஞ்சு கலந்துவிடும் என்றும் அக்காலத்தவர் நம்பினார்கள். மாலையில் வேப்பிலை மூட்டம் போட்டுக் கொசுவை ஓட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கு, புகைக்கு விரட்டும் ஆற்றல் உண்டென்ற எண்ணம் எவ்வளவு இயல்பானது என்பது விளங்கும். எலும்பு எரியுமா என்ற ஐயம் எழுவதும் இயல்பே. பச்சை எலும்பின் உள்ளே கொழுப்பும் மஜ்ஜையும் இருக்கின்றன. பற்றிக்கொள்ளத் தாமதிக்குமேயொழிய, பற்றிய பிறகு நெடுநேரம் நின்று எரியும்.

வழக்கமும் எளிதில் அழிந்துவிடவில்லை. ஸ்காட்லாந்தின் தென் எல்லையை ஒட்டிய ஹாயிக் என்ற ஊரில், கோடை நடுநாளில் மூட்டும் ‘பேன்ஃபய’ருக்காகப் பழைய எலும்புகளை ஆண்டு முழுவதும் சேர்த்துவைக்கும் பழக்கம் 1800-ஆம் ஆண்டு வாக்கில் வரை இருந்தது. இந்தச் செய்தியைப் பதிவு செய்தது, 1884-ஆம் ஆண்டில் முதற்பகுதி வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி. அதன் ஆசிரியர் ஜேம்ஸ் மரே பிறந்தது ஹாயிக்கை அடுத்த டென்ஹம் என்ற சிற்றூரில். இளமையில் ஆசிரியப் பணி செய்ததும் ஹாயிக்கிலேதான். உலகின் பேரகராதி ஒன்றைத் தொகுக்க வந்தவருக்கு, நூற்றாண்டுகளாகக் கற்றோர் பிழைபட விளக்கிவந்த ஒரு சொல்லின் உண்மை தம் சொந்த ஊர்ப்புறத்து வழக்கிலேயே கிடைத்தது என்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது. வட்டார வழக்கைக் கொச்சை என்று ஒதுக்கும் பழக்கம் நம்மிடையேயும் உண்டு. ‘பேன்’ என்ற வட்டார ஒலி இல்லாவிட்டால் இந்த வழக்கு இவ்வளவு உறுதியாகத் தீர்ந்திருக்காது. ஐரிஷ் மொழியிலும் இத்தகைய தீக்கு எலும்புத் தீ என்று பொருள்படும் பெயரே வழங்குகிறது.

பின்னர் இச்சொல் பிணம் எரிக்கும் ஈமத்தீக்கும், மதப்பகையால் மனிதரையும் நூல்களையும் எரித்த கொடுந்தீக்கும் வழங்கி, 16-ஆம் நூற்றாண்டளவில் ஊர் கூடி மகிழும் தீயையும் குறிக்கலாயிற்று. 1605-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் தேதி இலண்டன் நாடாளுமன்றத்தை வெடிமருந்தால் தகர்க்கும் சதி முறியடிக்கப்பட்டதை இங்கிலாந்தில் ஆண்டுதோறும் தீ மூட்டிக் கொண்டாடுகிறார்கள். இன்று அங்கே ‘பான்ஃபயர் இரவு’ என்றால் அந்த நாள்தான். அந்தத் தீயில் எலும்பை யாரும் இடுவதில்லை.

உங்கள் மாமியாரின் மனக்குறைக்கு விடை இதில்தான் இருக்கிறது. எள்ளும் நெய்யும் சேர்ந்ததே எண்ணெய். அது முதலில் எள்ளிலிருந்து எடுத்ததை மட்டுமே குறித்தது. பிறகு தேங்காய் எண்ணெய் என்றோம், வேப்பெண்ணெய் என்றோம், நிலத்தடியிலிருந்து வந்ததையும் மண்ணெண்ணெய் என்றோம். மண்ணெண்ணெயில் எள் எங்கே என்று எவரும் கேட்பதில்லை. சொல்லின் உள்ளே பழம்பொருள் புதைந்து கிடக்கும். ஆனால் சொல்லை ஆள்பவரின் மனத்தில் அது இருப்பதில்லை. லோஹ்ரியன்று மூட்டும் தீயில் விறகும் எள்ளும் கடலையும் இருக்கின்றன, எலும்பு இல்லை. லோஹ்ரி என்ற தனிப்பெயரும் அதற்கு உண்டு. ஆங்கிலப் பெயர் அழைப்பிதழில்தான் வந்தது. அம்மா மனக்கலக்கம் இல்லாமல் பாயை அதில் இடலாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

இனிமையான பொருளைச் சொல்லுக்கு ஏற்றிவிடும் ஆசை ஆங்கிலேயருக்கு மட்டும் உரியதன்று. போகி என்பது பழையதைப் போக்குவதால் ‘போக்கி’ என்று இருந்து மருவியது என்று ஆண்டுதோறும் எழுதுகிறார்கள். போகி என்பது இந்திரனுக்குரிய பெயர்களில் ஒன்று. போகம் என்ற வடசொல்லோடு தொடர்புடையது. அந்த நாள் இந்திரனுக்கு உரியதாகக் கருதப்பட்டதால் அப்பெயர் பெற்றது என்பதே வலுவான விளக்கம். பழையதை எரிப்பது அந்நாளின் வழக்கமாக இருப்பதால், வழக்கத்தைக் கொண்டு பெயரை விளக்கிவிட்டோம். ஜான்சன் செய்ததும் இதுவே. போகியன்று தவறாமல் மேற்கோள் காட்டப்படும் ‘பழையன கழிதலும் புதியன புகுதலும்’ என்ற தொடரும் வீட்டுப் பொருள்களைப் பற்றியதன்று. அது நன்னூலின் 462-ஆம் சூத்திரம். பழைய சொற்கள் வழக்கொழிவதும் புதிய சொற்கள் நுழைவதும் காலத்தின் இயல்பு, அது குற்றமன்று என்று பவணந்தி முனிவர் சொற்களைப் பற்றிச் சொன்னது அது. போகித் தீயை விட, உங்கள் வீட்டில் நடந்த இந்த உரையாடலுக்கே அந்தச் சூத்திரம் பொருந்துகிறது.

தமிழில் என்ன சொல்லலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வற்புறுத்த நான் விரும்பவில்லை. தில்லியின் டிசம்பர் இரவுகளில் குடியிருப்பு வாசலில் காவலர்கள் சுள்ளிகளைக் கொளுத்திக் குளிர்காய்கிறார்களே, அது கணப்பு. நெகடி என்ற பழைய சொல்லும் அதற்கு உண்டு. திருக்கார்த்திகையன்று கோயில் முன்பு பனைமரத் துண்டை நட்டு, ஓலை வேய்ந்து கொளுத்துவது சொக்கப்பனை. சடங்கோ குளிரோ தொடர்பில்லாமல் கொண்டாட்டத்துக்காக மட்டும் மூட்டுவதைக் ‘களிதீ’ என்று புதிதாக ஆக்கிக்கொள்வதை விட, தீமூட்டம் என்று சொன்னால் எவருக்கும் விளங்கும்.

கேள்வி: ஆங்கிலத்தில் வண்டியைக் கிளப்புவதை ‘இக்னிஷன்’ என்கிறார்கள். இதற்கும் அக்னிக்கும் தொடர்பு உண்டா? உண்டென்றால் ‘ஃபயர்’ எங்கிருந்து வந்தது?
— ஒரு வாசகர், ராமகிருஷ்ணபுரம், தில்லி

பதில்: தொடர்பு உண்டு. ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கவில்லை, இரண்டும் உடன்பிறந்தவை. ‘இக்னிஸ்’ என்பது இலத்தீனில் தீ. அக்னி என்பது வடமொழியில் தீ. இரண்டும் இந்தோ-ஐரோப்பியம் என்று அறிஞர் அழைக்கும் மூலமொழியின் ஒரே சொல்லிலிருந்து கிளைத்தவை. ரஷ்ய மொழியில் தீயைக் குறிக்கும் ‘அகோன்’ என்பதும் இதே குடும்பம். ஆங்கிலம் ‘இக்னிஷ’னை 17-ஆம் நூற்றாண்டில் இலத்தீனிலிருந்து எடுத்துக்கொண்டது.

‘ஃபயர்’ வேறொரு வேரிலிருந்து வருகிறது. கிரேக்கத்தின் ‘பூர்’ அதன் உறவு. வாணவேடிக்கைக்கான ‘பைரோடெக்னிக்’ என்ற சொல்லில் இருப்பது அந்தக் கிரேக்கச் சொல். தமிழில் பால், பல் என்பவை கன்னடத்தில் ஹாலு, ஹல்லு என்று ஒழுங்காகத் திரிவது போல, மூலமொழியின் பகரம் ஆங்கிலத்தின் குடும்பத்தில் ‘ஃப’ என்று திரிந்தது. வடமொழியில் பிதா, பாதம் என்பவற்றுக்கு இணையாக ஆங்கிலத்தில் ‘ஃபாதர்’, ‘ஃபுட்’ என்று இருப்பதும் இதே விதியால்தான். மூலமொழியினர் தீக்கு இரண்டு சொற்களை வைத்திருந்தார்கள். உயிருள்ள ஆற்றலாகக் கண்ட தீக்கு ஒன்று, வெறும் பொருளாகக் கண்ட தீக்கு மற்றொன்று. அக்னி தெய்வத்தின் பெயரானதும், ‘ஃபயர்’ பொருளின் பெயராகவே நின்றதும் அந்தப் பாகுபாட்டோடு ஒத்துப்போகின்றன. நம்முடைய தீ, நெருப்பு, அழல், கனல் ஆகியவை இந்தக் குடும்பத்தைச் சேராதவை.

கேள்வி: ‘கர்ஃப்யூ’ என்ற சொல்லிலும் தீ இருக்கிறது என்கிறார்களே, உண்மையா?
— ஒரு வாசகர், கரோல் பாக், தில்லி

பதில்: உண்மை. பழைய பிரெஞ்சில் ‘மூடு’ என்பதும் ‘தீ’ என்பதும் சேர்ந்த சொல் அது. இன்றைய பிரெஞ்சிலும் அப்படியே வழங்குகிறது. மரத்தாலும் வைக்கோலாலும் ஆன வீடுகள் நெருக்கமாக நின்ற ஐரோப்பிய நகரங்களில், இரவில் குறித்த நேரத்தில் மணி அடிப்பார்கள். அதைக் கேட்டதும் வீட்டார் அடுப்பை மூடிவிட வேண்டும். 13-ஆம் நூற்றாண்டிலேயே இலண்டனில் அந்த மணிக்குப் பிறகு ஆயுதத்துடன் தெருவில் திரிவது தடை செய்யப்பட்டிருந்தது. அடுப்புக்கான மணி இப்படி நடமாட்டத்துக்கான எல்லையாகவும் ஆனதால், சொல்லும் பொருள் மாறிற்று. 2021 ஏப்ரலில் தில்லியில் இரவு பத்து மணிக்கு மேல் வெளியே வரக்கூடாது என்று அறிவித்தபோது நாம் கேட்ட ‘கர்ஃப்யூ’ அந்த அடுப்பு மணியின் வழிவந்ததே. ‘ஊரடங்கு’ என்று நாம் ஆண்ட தமிழ்ச் சொல், ஊர் உறங்கிய பின்னிரவைக் குறிக்கும் நம் பழைய பேச்சிலிருந்தே அமைந்தது என்பதால் எனக்கு மிகவும் பிடித்தமானது.

இச்சொல்லின் ‘ஃப்யூ’ என்ற பகுதி பிரெஞ்சில் தீயைக் குறித்தாலும், அதன் மூலம் இலத்தீனில் அடுப்பைக் குறித்த ‘ஃபோகஸ்’. அதே ‘ஃபோகஸ்’ என்ற சொல்லைத்தான் ஒளிக்கதிர்கள் குவியும் புள்ளிக்கு வானியலறிஞர் கெப்ளர் 1604-ஆம் ஆண்டில் எடுத்தாண்டார். அன்றைய வீடுகளில் அடுப்பை மூடியது தீயை அணைப்பதற்காக மட்டுமன்று. நம் பாட்டிமார் அடுப்புக் கங்கினைச் சாம்பலால் மூடிவைத்து விடியலில் ஊதி எடுத்தது போல, மறுநாள் காலைக்குக் கனல் மிஞ்ச வேண்டும் என்பதற்காகவும்தான். அதற்கென்றே கைப்பிடி வைத்துச் செய்த உலோக மூடிக்கும் ஆங்கிலத்தில் ‘கர்ஃப்யூ’ என்றே பெயர்.